ஆலமரத்தில் கட்டிய ஆட்டுக் கொடி

என் மனைவியின் இரண்டாம் ஆண்டுத் திதிக்காகப் படவேட்டுக்கு அருகில் உள்ள அவளுடைய பிறந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முற்பகல் பதினோரு மணி. ஆடுகள் பட்டியிலேயே அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவை ஜவ்வாது மலையின் முதல் சரிவில் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றை ஓட்டிச் செல்ல வேண்டியவர், என் மனைவியின் தம்பி, ஆலமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் போர்வையோடு படுத்திருந்தார். அது வெயில் காலம்.

அவரை நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக அறிவேன். பகலில் படுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார். உட்காருவதற்கு முன் ஒரு முறை மூச்சு வாங்கியது. கழுத்தெலும்புகள் தெரிந்தன.

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மனைவி சொல்லிவிட்டார். மூன்று வாரம். மாலையானால் உடம்பு கொதிக்கிறது, விடியும்போது வேர்த்து ஊற்றுகிறது. டைபாய்டு என்று ஒருவர் ஊசி போட்டார். மலேரியாவாக இருக்கலாம் என்று ஒருவர் இரத்தம் எடுத்தார். வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். நான்கு நாட்கள் விட்டு மறுபடியும் வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கட்டிலுக்கு மேலே போயிற்று. தாழ்ந்த கிளை ஒன்றில் வைக்கோல் பொட்டலங்கள் நான்கு, ஒன்றையடுத்து ஒன்றாகத் தொங்கின. வைக்கோல் இன்னும் நிறம் மாறவில்லை. காற்றில் அவை மெதுவாகச் சுழன்றன. அவற்றிலிருந்து உதிர்ந்த துகள்கள் போர்வையின்மேல் கிடந்தன.

எங்கள் பக்கத்தில் பசு கன்று போட்டதும், பின்னால் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் வடியும் மரம் ஒன்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்தில் ஊறுவதுபோல் மடியிலும் பால் ஊறும் என்பது நம்பிக்கை. அது மாட்டுக்கு மட்டும் செய்வது. ஆட்டின் கொடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. இந்த வீட்டில் மட்டும் ஆட்டுக்கும் செய்தார்கள். தொடங்கி வைத்தவள் என் மனைவி. பத்து வயதில், மாட்டுக்கு ஒரு நியாயம் ஆட்டுக்கு ஒரு நியாயமா என்று வீட்டாரிடம் சண்டை போட்டு, தானே மரமேறிக் கட்டினாளாம். தெரு முழுக்கச் சிரித்ததாம். திருமணமான பிறகும் பொங்கலுக்கு வரும்போது ஏதாவது ஓர் ஆடு குட்டி போட்டால் புடவைத் தலைப்பால் குட்டியைத் துடைத்து, மூக்கில் ஊதி, கொடியை எடுத்துக் கட்டிவிட்டுத்தான் கை கழுவுவாள். நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது நான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நோயியல் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு தம்பி அந்தப் பழக்கத்தை முன்பைவிடக் கவனமாகச் செய்தார். கட்டுவதற்கு இந்தத் தாழ்ந்த கிளையைத் தேர்ந்ததும் அதனால்தான். அதன் கீழேதான் அவள் வந்தால் உட்காருவாள்.

"நாலு ஆடா குட்டி போட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவருடைய மனைவி தெருப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போடலண்ணா. வீசிடுச்சு. நாலும் செத்துப் பொறந்துது. ஜமுனாமரத்தூரு சந்தையில ஒரு ஆடு புடிச்சாரு, அதுதான் மொதல்ல வீசுச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு வெளிய சொல்லல."

குட்டி செத்துப் பிறந்தாலும் பால் வற்றக் கூடாதே என்று நான்கின் கொடிகளையும் அவரே கையால் எடுத்துக் கட்டியிருக்கிறார். அதன் பிறகு இரண்டு வாரங்களில் காய்ச்சல்.

கியூ காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. முதலில் கண்டவர்களுக்கு அதன் காரணம் பிடிபடாததால் கேள்வியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார்கள். காரணம் தெரிந்த பிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆடு, மாடுகளின் உடலில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு நுண்ணுயிர். சினை ஆட்டின் கருப்பையில் பெருகிக் குட்டியைக் காலத்துக்கு முன்பே வெளியே தள்ளும். நஞ்சுக்கொடியில் இருப்பதுபோல் அது வேறெங்கும் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதில்லை. கொடி காய்ந்து தூசியானால், அந்தத் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும். பெரும்பாலோருக்கு அது சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும், சிலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் இதய வால்வில் முன்பே பழுது உள்ளவர்களிடம் அது தங்கிவிடும். தங்கி, மாதக்கணக்கில் வால்வை அரிக்கும். வழக்கமான பரிசோதனைகளில் கிருமி எதுவும் வளராது.

இதை ஆண்டுதோறும் ஒரு வகுப்பு நேரத்தில் நடத்தி முடித்துவிடுவேன். நம் பகுதியில் அரிது என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்பேன். தேடாததால் அரிதாக இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் சிறு வயதில் ஒரே மழைக்காலத்தில் மூட்டுக் காய்ச்சல் வந்து, இருவருக்கும் வால்வில் சிறிய கசிவை விட்டுப் போயிருந்தது. அவருக்கு அது பத்தொன்பது வயதில், போலீஸ் தேர்வில் தெரியவந்தது. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரை மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் ஆடு வளர்க்க வந்தார். அவளுக்கு அது ஐம்பத்தெட்டாவது வயதுவரை எந்தத் தொல்லையும் தரவில்லை. பிறகு மாலைக் காய்ச்சல் வந்தது. நான்கு மாதம். பெரிய மருத்துவமனை, நல்ல மருத்துவர்கள், காரணம் தெரியாத வால்வுத் தொற்று. கடைசி வாரத்தில் ஓர் இளம் மருத்துவர் ஏதோ தோன்றி வெளியூர் ஆய்வகத்துக்கு இரத்தம் அனுப்பினார். முடிவு அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று என் கைப்பேசிக்கு வந்தது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. படித்தேன். பிறகு அச்செடுத்து ஓர் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றை நான் பலமுறை எனக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த நான்கு பொட்டலங்களின் கீழே நின்றபோது அவற்றில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கட்டிலை அந்த இடத்திலிருந்து வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். நிழல் இல்லை என்றார், இழுத்துப் போட்டேன். பிறகு, பாதியை மட்டும் சொல்லிக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். இது ஆட்டிலிருந்து வந்த காய்ச்சலாக இருக்கலாம், நகரத்துக்குப் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"நீங்க மாட்டு டாக்டரு மாமா. என்னிய எந்தக் கொட்டாயில கட்டி ஊசி போடுவீங்க?"

ஊசி போடுவது வேறொரு மருத்துவர் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரமுடியாது, அக்கா அங்கே நடந்துதான் போனாள், எப்படித் திரும்பி வந்தாள் என்று உங்களுக்கே தெரியும் என்றார். அவர் மனைவி கெஞ்சியும் பயனில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் திதி முடிந்தது. இலையில் வைத்த சோற்றைக் காகம் எடுத்தது. மைத்துனர் அதற்காக மட்டும் எழுந்து வந்து, சுவரைப் பிடித்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். கிணற்றடியிலிருந்து கட்டிலுக்கு இருபது அடி இருக்கும். நடுவில் ஒரு முறை உட்கார்ந்தார். அவளும் இப்படித்தான் உட்காரத் தொடங்கினாள், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில். அதன் பிறகு எவ்வளவு காலம் மிச்சம் இருந்தது என்பதை நான் நாள் கணக்கில் சொல்ல முடியும்.

பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் அது பெட்டியின் அடியிலேயே இருந்தது. அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இங்கிலீசு, இன்னா எழுதியிருக்குது என்றார்.

அவளுக்கு வந்தது இதே நோய் என்றேன்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் மாமா?"

"காரியத்தன்னைலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நீ வளத்த ஆடுதான் உன் அக்காவ எடுத்துக்கிச்சுன்னு ஆயிடும். அதச் சொல்ல எனக்கு வாய் வர்ல." நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அது மட்டும் இல்ல மச்சான். உன் ஆடுன்னும் உறுதி இல்ல. முப்பது வருசம் நான் செத்த ஆட்ட அறுத்துப் பாத்தவன். அப்ப போட்டிருந்த கோட்ட வூட்டுக்குக் கொண்டாந்து போடுவேன். உங்க அக்காதான் கையால கசக்கித் தொவைச்சா. உன் ஆடா இருக்கலாம். என் கோட்டா இருக்கலாம். எனக்குத் தெரியாது."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் மனைவி வாசற்படியில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தார். பட்டியில் ஓர் ஆடு தும்மியது.

"அக்கா இருந்தா ஆட்டத் திட்டாது மாமா," என்றார் அவர். "உங்களத்தான் திட்டும். கோட்டத் தொவைக்கக் குடுத்ததுக்கு இல்ல. இத்தச் சொல்லாம வச்சிருந்தீங்க பாருங்க, அதுக்கு."

பிறகு காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கிச் செருப்பைத் தேடினார்.

"எத்தினி மணிக்குப் பஸ்ஸு?"

அந்தக் கேள்வியைவிட நல்ல சொற்றொடரை என் வாழ்நாளில் நான் அதிகம் கேட்டதில்லை.

நகரத்தில் எங்களைப் பார்த்த மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நான் எழுதி எடுத்துப் போயிருந்த மூன்று பக்கங்களை அவர் நிதானமாகப் படித்தார். சந்தையில் வாங்கிய ஆடு, நான்கு வீச்சு, மரத்துப் பொட்டலங்கள், கட்டில், பழைய கசிவு, அக்காவின் அறிக்கை. படித்து முடித்து, மைத்துனரிடம், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்டிருப்பேன், உங்கள் ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருக்க மாட்டேன் என்றார். மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இப்படி ஒப்புக்கொண்டதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன். பல ஆண்டுகளாக நாங்கள் ஒரே நோயின் இரு பக்கங்களில் நின்று ஒருவரோடொருவர் பேசாமலே இருந்திருக்கிறோம்.

இதயத்தை எடுத்த எக்கோ படத்தில் வால்வின் விளிம்பில் சிறிய வளர்ச்சி ஒன்று தெரிந்தது. அவளுக்குக் கண்டபோது இருந்த அளவில் பாதிகூட இல்லை. இரத்தம் வெளியூருக்குப் போயிற்று. முடிவுக்குக் காத்திராமல் அன்றே மாத்திரையைத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு நான் அவர் நெற்றியில் கை வைத்தேன். ஏழு மணிக்கும் வைத்தேன். எட்டு மணிக்கு, "மாமா, நீங்க தொட்டுத் தொட்டுத்தான் சூடாவுது, கைய எடுங்க" என்றார். காய்ச்சல் வரவில்லை. முடிவு அடுத்த வாரம் வந்தது. நான் நினைத்தபடியே இருந்தது.

மாத்திரை ஒன்றரை ஆண்டு என்றார்கள். அதற்குள் அந்தக் கிருமி மறுபடியும் அவரை வந்தடைந்தால் எல்லாம் வீண். ஆகவே அடுத்த வேலை மரத்தடியில் இருந்தது.

பொட்டலங்களை நானே இறக்கினேன். முகக்கவசம், கையுறை, நீண்ட கைச்சட்டை. தூசி பறக்காமல் இருக்க முதலில் கிருமிநாசினி நீரைத் தெளித்து நன்றாக நனைத்தேன். தெரு முழுவதும் வேடிக்கை பார்த்தது. நான்கையும் இறக்கிய பிறகு மேல்கிளையில், இலைகளுக்குள், மிகப் பழைய ஒன்று தெரிந்தது. வைக்கோல் கறுத்து, கயிறு மட்டும் முழுதாக இருந்தது. கயிறு அல்ல, பாவாடை நாடா. ஏணியில் நின்றபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நாடாவில் மூன்று முடிச்சு. அவள் எதையும் மூன்று முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவாள். அதையும் நனைத்து, அறுத்து, மற்றவற்றோடு சேர்த்தேன். ஐந்தையும் ஆழமான குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

புதைக்கும் முன் எடுத்த சிறு துண்டுகளையும் ஆடுகளின் இரத்தத்தையும் என் பழைய மாணவர்கள் ஆய்ந்து சொன்னார்கள். சந்தேகம் தீர்ந்தது. சினையாக இருந்த ஆடுகளுக்கு மருந்து கொடுத்தோம். ஒன்றையும் கொல்லவில்லை. ஆட்டை அழிக்கச் சொல்வேனோ என்று பயந்திருந்த வீடு அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டது.

ஊரை மாற்றுவதில்தான் நான் தோற்றேன். மாடுகளின் கொடியிலும் இது இருக்கலாம் என்பதால், தெருவில் உள்ளவர்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி, படம் போட்டு விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். தேநீர் குடித்தார்கள். மறுவாரம் பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது; விடிவதற்குள் பொட்டலம் பூவரச மரத்தில் தொங்கியது. கேட்டதற்கு அந்த வீட்டு அம்மாள், நீங்க சொல்றது சரிதாங்க, ஆனா பாலு கொறஞ்சா நீங்களா குடுப்பீங்க என்றார்.

பதில் மைத்துனரின் மனைவியிடம் இருந்தது. அவர் அந்தப் பூவரச மரத்தடிக்குப் போய், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏக்கா, மரம் தண்ணி எங்க குடிக்குது? கெளையிலயா, வேருலயா?"

"வேருலதான்."

"பின்ன கெளையில கட்டி யாருக்கு ஊட்டுற? காக்காவுக்கா? வேருக்குக் குடு. ஆழமா தோண்டிக் குடு. எங்க நாத்தனாருதான் இந்தத் தெருவுலயே மொதல்ல ஆட்டுக்குக் கட்டுனாங்க. அவங்க வூட்டுலயே இப்ப வேருக்குத்தான்."

அந்த அம்மாள் தன் மகனை மண்வெட்டி எடுத்து வரச் சொன்னார். என் விளக்கத்தாலும் படங்களாலும் முடியாதது ஒரு கேள்வியில் முடிந்தது. அந்த மாதத்திலிருந்து அந்தத் தெருவில் பொட்டலம் எதுவும் தொங்கவில்லை. சுண்ணாம்பை மட்டும், மரம் கருகாதா என்று கேட்டுக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். மரத்திலிருந்து நான்கு அடி தள்ளித் தோண்டச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்றரை ஆண்டு நீண்டதுதான். அந்த மாத்திரை பாலோடு சேரக் கூடாது. ஆடு வளர்ப்பவர் வரக்காப்பி குடிக்கப் பழகினார். அந்த மாத்திரை போட்டால் வெயில் தோலைச் சுட்டுவிடும். ஆகவே காய்ச்சல் நின்ற மூன்றாம் மாதம் மலைக்கு ஆடு ஓட்டத் தொடங்கியபோது, பெரிய கறுப்புக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். குடை பிடித்து ஆடு மேய்ப்பவரை அந்த மலையடிவாரம் அதுவரை கண்டதில்லை. கலெக்டர் வர்றாரு, வழி விடு என்று கரும்பு வெட்டுபவர்கள் கத்துவார்கள். மனு இருந்தா குடு என்று இவரும் கத்துவார்.

ஆடுகள் குட்டி போடும்போது மட்டும் அவர் அருகில் வரக் கூடாது. அவர் மனைவியின் இரத்தத்திலும் என் இரத்தத்திலும் பழைய தொற்றின் தடம் இருந்தது. எங்கள் வால்வுகள் நன்றாக இருந்ததால் அது வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் கவசத்தோடு பிரசவம் பார்த்தோம். அவர் காற்று வரும் திசையில், கிணற்றுக்கு அப்பால் குடையோடு நின்று, இழு, இழுக்காதே, தலையப் பாரு என்று உத்தரவிட்டுக்கொண்டிருப்பார். அறுபத்தாறு வயதில் இன்னொருவர் சொல்லக் கேட்டு நான் செய்த பிரசவங்கள் அவை. வீச்சுக்குப் பிறகான முதல் ஈற்றில் மூன்று ஆடுகள் ஐந்து குட்டிகள் போட்டன. ஐந்தும் எழுந்து நின்றன. கொடிகளை ஆலமரத்திலிருந்து நான்கு அடி தள்ளிப் புதைத்தோம். ஆட்டுக்கும் மாட்டின் மரியாதை என்று அவள் கேட்டது அப்படியே நிற்கிறது, இடம்தான் கீழே வந்திருக்கிறது.

சென்ற மாதம் கடைசிப் பரிசோதனை. வால்வின்மேல் வளர்ச்சி இல்லை. இரத்தத்தில் அளவுகள், மருத்துவர் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கியிருந்தன. மாத்திரையை நிறுத்தலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார். மைத்துனர் அறிக்கையை வாங்கி, இங்கிலீசு தெரியாத கண்களால் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பாஸா மாமா?" என்றார். பாஸ் என்றேன். போலீஸ் தேர்வை நினைத்துத்தான் கேட்டார் என்பது எனக்குப் பேருந்தில் வரும்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை, பால் காய்ச்சித் தேநீர் போட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அவருக்குக் காலையில் பால் சேர்ந்த தேநீர். இரண்டு தம்ளர் குடித்தார். பிறகு பட்டியைத் திறந்து ஆடுகளை விட்டார். குடை இனி தேவையில்லை என்று நினைவூட்டினேன். கரும்புக்காரங்க ஏமாந்துடுவாங்க என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

நான் ஆலமரத்தடியில், அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மலையின் முதல் ஏற்றம் முழுவதும் தெரியும். பாதிவழியில் ஒரு புளியமரம் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேலாக அவர் அந்த மரத்தடியில் உட்காராமல் அதைத் தாண்டியதில்லை. ஆடுகள் முன்னே ஏறின. கறுப்புக் குடை பின்னே ஏறியது. புளியமரம் வந்தது. குடை நிற்கவில்லை.